அன்வர் பாட்சா என்னும் பெயர்

சென்ற மாதம் ஒரு வியாழன் மாலை, மஃரிபுத் தொழுகையை முடித்துக்கொண்டு இல்லத்தில் அமர்ந்திருந்த வேளையில், எங்கள் ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். போடிமெட்டிற்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் நாற்பதாண்டுக் காலம் உழைத்தவர். அதில் பின்பாதி கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். அவர் பெயர் அன்வர் பாட்சா. மகனுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு நாட்களாகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்ட வேண்டும். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இடுவதென வீட்டார் முன்பே முடிவு செய்திருந்தனர். அதில் இப்போது ஒரு தடை எழுந்துள்ளதாம்.

"ஹஜ்ரத், காலேஜ்ல படிக்கிற பேத்தி வேணாங்குது. அந்தப் பேருக்குச் சொந்தக்காரரு லட்சக்கணக்கான சனம் சாகக் காரணமா இருந்தவராம். எனக்குப் பேரு வச்சவுக தப்பா வச்சுட்டாகளா?" என்று கேட்டார்.

எழுபதைத் தாண்டிய மனிதர். வாழ்நாள் முழுவதும் சுமந்த பெயரைப் பற்றி இவ்வாறு கேட்பது அவருக்கு எளிதாக இருந்திராது. ஞாயிறன்று வரும்படி அவரை அனுப்பிவிட்டு, பேழையிலிருந்த பழைய நூல்களை எடுத்தேன். அவரிடம் நான் கூறியதை வாசகர்களுக்கும் கூறுவது கடமையெனத் தோன்றுகிறது. அன்வர் பாட்சாக்களும் கமால் பாட்சாக்களும் இல்லாத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் இல்லை. தம் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

நமக்கும் துருக்கிக்கும் உள்ள தொடர்பு பெயரளவில் மிகப் பழையது. தமிழ் மக்கள் நம்மைத் துலுக்கர் என்று அழைத்தது துருக்கர் என்னும் சொல்லின் திரிபே. திருவரங்கத்துக் கோயிலில் துலுக்க நாச்சியார் என்றே ஒரு சந்நிதி உண்டு. துருக்கி நாட்டை வரைபடத்திலும் கண்டிராத நம் முன்னோர், அந்நாட்டாரின் பெயரால் அழைக்கப்பட்டு அதற்குப் பழகிப் போயினர். ஆயினும் 'அன்வர் பாட்சா' வந்தது அந்தப் பழைய வழியில் அன்று. நூற்றாண்டுக்குச் சற்று முன்னர், செய்தித்தாள் வழியாக வந்தது.

அக்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவும் எகிப்தும் ஆங்கிலேயர் கையில். அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர் கையில். புகாராவும் சமர்கந்தும் ரஷ்யாவின் நிழலில். எஞ்சியிருந்த பெரிய முஸ்லிம் அரசு உதுமானியப் பேரரசு ஒன்றே. அதன் சுல்தானே கலீபா. அந்த அரசையும் 1911இல் இத்தாலி திரிப்போலியில் தாக்கியது. அடுத்த ஆண்டு பால்கன் நாடுகள் நான்கும் ஒன்றுகூடித் தாக்கின. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்து இஸ்தான்புல்லை நோக்கி மாட்டு வண்டிகளில் வந்தனர். காயமுற்ற துருக்கி வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க, டாக்டர் அன்சாரி தலைமையில் 1912 டிசம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறியது.

அந்த இருண்ட நாட்களில் ஒரு பெயர் மட்டும் ஒளிவிட்டது. 1881இல் இஸ்தான்புல்லில் எளிய குடும்பத்தில் பிறந்த என்வர், 1908ஆம் ஆண்டுப் புரட்சியில் 'விடுதலையின் வீரர்' எனப் புகழ் பெற்றவர். பெர்லினில் துருக்கித் தூதரகத்து இராணுவ அதிகாரியாக இருந்தவர், இத்தாலி படையெடுத்ததும் மாறுவேடத்தில் எகிப்தைக் கடந்து லிபியாவின் தெர்னாவை அடைந்து, சனூசிகளையும் பழங்குடி மக்களையும் திரட்டிப் போரிட்டார். 1913 ஜூலையில், பறிபோயிருந்த எடிர்னே நகரத்தில் மீண்டும் நுழைந்தார். பல்கேரியா தன் கூட்டாளிகளோடு சண்டையிட்டுக் கொண்டிருந்தமையால் அங்கு எதிர்ப்பே இருக்கவில்லை என்பது இங்குள்ளோர்க்கு எட்டவில்லை. நகரம் மீண்டது என்பதே எட்டியது. சுல்தானின் குடும்பத்து இளவரசி நாஜியாவை மணந்தார். முப்பத்திரண்டு வயதில், 1914 ஜனவரியில், போர் அமைச்சரானார். பாஷா என்னும் பட்டமும் வந்தது. நம் மக்கள் அதைப் பாட்சாவாக்கினர். பாதுஷா என்றால் மன்னன். பாஷா என்றால் ஓர் அதிகாரியின் பட்டம். இரண்டையும் குழப்பி, மன்னராக ஒருநாளும் இருந்திராத ஒருவருக்கு நாம் முடிசூட்டி வைத்தோம்.

பின்னர் 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்து முழங்கினர். யாகூப் ஹசன் சேட் போன்றோர் சிறை சென்றனர். கிலாபத் வேகத்தில் பிறந்த ஆண்மக்களுக்கு அன்வர் என்றும் கமால் என்றும் பெயரிட்டனர். எங்கள் பெரியவருடைய தந்தையின் தமையனார் அந்த நாட்களில் பிறந்தவர். அவர் இளமையில் மறைந்துவிடவே, அப்பெயர் தம்பியின் மகனுக்கு வந்தது. எகிப்தில் 1918இல் பிறந்த அன்வர் சாதாத்தின் பெயரும் இத்தளபதியை எண்ணி இடப்பட்டது என்பர்.

எனவே பெயர் வைத்தவர்கள் மீது குற்றம் காண்பதற்கில்லை. அடிமைப்பட்டிருந்த மக்கள், தலை நிமிர்ந்த ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டு நேசித்தனர். ஆனால் அவர்கள் அறியாதவற்றை நாம் அறிவோம். அறிந்தபின் மறைப்பது சாட்சியத்தை மறைப்பதாகும்; அதனைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

முதலில், அவர் ஆட்சிக்கு வந்த வழி. 1913 ஜனவரி 23 அன்று ஆயுதம் தாங்கிய சிறு கூட்டத்தோடு அமைச்சரவைக் கூடத்தில் புகுந்தார். போர் அமைச்சர் நாஜிம் பாஷா அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முதுமையெய்திய தலைமை அமைச்சர் காமில் பாஷா துப்பாக்கி முனையில் பதவி விலகினார். சுல்தான் பெயருக்கு இருந்தார். நாட்டை நடத்தியவர்கள் என்வர், தல்அத், ஜமால் என்னும் மூவர்.

அடுத்து, 1914. துருக்கி மக்கள் சந்தா சேர்த்தும், பெண்கள் நகையும் கூந்தலும் ஈந்தும் விலைகொடுத்த இரண்டு போர்க்கப்பல்களை, ஆகஸ்டு தொடக்கத்தில் பிரிட்டன் பறித்துக் கொண்டது. அது நேர்மையற்ற செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே நாட்களில், ஆகஸ்டு 2ஆம் தேதி, அமைச்சர்களுள்ளேயே பலர் அறியாவண்ணம் ஜெர்மனியோடு இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அக்டோபர் 29 அன்று, ஜெர்மானியத் தளபதியின் கீழ் துருக்கிக் கொடி தாங்கிய கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. களைத்துப் போயிருந்த ஒரு நாடு, ஆலோசனையின்றி உலகப்போரில் தள்ளப்பட்டது. கலந்தாலோசித்தலை, ஷூராவை, ஆட்சியின் அடிப்படையாக வைத்த மார்க்கத்தின் பெயரால் அந்த அரசு நடந்தது என்பதை எண்ணும்போது மனம் கசக்கிறது.

நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லின் பாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் பத்வா படிக்கப்பட்டது. மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் இதில் ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகியவற்றை எதிர்த்துப் போரிடுவது உலக முஸ்லிம்களின் கடமை என்றது அது. ஜெர்மானியப் பேரரசரும் ஆஸ்திரியப் பேரரசரும் நண்பர்கள் என்பதால் அவர்களுக்கு விலக்கு. மார்க்கச் சட்டத்தை அரசின் கூட்டணிக்கு ஏற்ப வளைத்துக் கொடுத்த ஆலிம்கள் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். எங்கள் வகுப்பாரின் பழைய நோய் இது. அழைப்பின் பலன் என்ன? சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில், தங்களைத் துருக்கியருக்கு எதிராக அனுப்பப் போவதாக அஞ்சிய இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தனர். அவர்களுள் நாற்பத்தேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மற்றபடி இந்திய முஸ்லிம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலேயர் கொடியின் கீழ் ஈராக்கிற்குச் சென்று துருக்கியரோடு பொருதினர். கூத் நகரில் 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்த ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேரில் பெரும்பான்மையோர் இந்தியர். அவர்களைச் சிறைப்பிடித்த படைக்குத் தலைவர் என்வரின் இளைய சிற்றப்பன் கலீல் பாஷா. பாலைவன நடையிலும் சிறையிலும் அக்கைதிகளுள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இவற்றையெல்லாம் நான் சொல்லி வந்தபோது பெரியவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது சாரிகாமிஷைப் பற்றிக் கூறியபோதுதான்.

சாரிகாமிஷ் காகஸஸ் எல்லையிலுள்ள ஒரு மலையூர். 1878 முதல் அப்பகுதி ரஷ்யர் வசம் இருந்தது. 1914 டிசம்பரில், பனி இடுப்பளவு விழுந்திருந்த காலத்தில், அதனைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிடலாம் என்று என்வர் திட்டமிட்டார். குளிர்காலத்தில் அம்மலைகளைக் கடத்தல் ஆகாது என்று மூன்றாம் படையின் தளபதி ஹசன் இஸ்ஸத் பாஷா கூறிப் பதவி விலகினார். அவர் என்வருக்குப் போர்க்கலை பயிற்றிய ஆசிரியர்களுள் ஒருவர். மாணவர் ஆசிரியரைக் கேளாமல், தாமே தலைமை ஏற்றார். பெரும்படையை நடத்திப் பழக்கம் அவருக்கு அதற்கு முன் இல்லை. விரைந்து செல்ல வேண்டுமென்று சில பிரிவுகள் மூட்டைகளையும் கனத்த மேலங்கிகளையும் விட்டுவிட்டு நடக்கவைக்கப்பட்டன. அரேபியாவின் வெப்ப நிலத்துக்குரிய உடையோடு வந்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் கடக்க வேண்டியிருந்த மலைத்தொடரின் பெயர் அல்லாஹு அக்பர் மலை. முடிகள் பத்தாயிரம் அடிக்கு உயர்ந்தவை. ஓர் இரவில், ஒரு சுட்ட தோட்டாவும் இன்றி, ஆயிரமாயிரம் பேர் அங்கே உறைந்து போயினர். உட்கார்ந்தவர்கள் எழவில்லை. தப்பியவர்களை எர்ஸுரூம் மருத்துவமனைகளில் டைபஸ் காய்ச்சல் கொண்டு சென்றது. துருக்கியில் தொண்ணூறாயிரம் பேர் மாண்டதாக வழங்குகிற கணக்கு உண்டு. அதைவிடக் குறைத்துக் கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு. போன படையில் திரும்பியது சிறுபகுதியே என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. என்வர் தலைநகர் திரும்பினார். செய்தித்தாள்களில் தோல்வி வெளிவராமல் பார்த்துக் கொள்ளப்பட்டது.

"கம்பளி கொடுக்கலையா ஹஜ்ரத், அந்தப் பிள்ளைகளுக்கு?" என்று பெரியவர் கேட்டார்.

மார்கழிக் குளிரில் நாலாயிரம் அடிக்கு மேலுள்ள தோட்டத்தில், கிழிந்த கம்பளியோடு ஏலக்காய் ஸ்டோர் அடுப்பின் ஓரம் படுத்துப் பல இரவுகளைக் கழித்தவர் அவர். தம் கீழ் வேலைக்கு வருவோரிடம் முதலில் கேட்பது கம்பளி உண்டா என்பதுதான் என்றார். இல்லையென்றால் ஆளை மலையேற்ற மாட்டாராம். ஒரு கங்காணிக்குத் தெரிந்தது ஒரு போர் அமைச்சருக்குத் தெரியவில்லை.

இனிச் சொல்வது இதனினும் கடியது. சாரிகாமிஷில் துருக்கிப் படையிலிருந்த ஆர்மேனியச் சிப்பாய்கள் வீரத்தோடு போரிட்டதாக என்வரே பாராட்டிக் கடிதம் எழுதியவர். அதே பிப்ரவரி மாதத்தில் அச்சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க அவருடைய அமைச்சகத்திலிருந்து ஆணை பிறந்தது. ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மேனிய அறிஞர்களும் தலைவர்களும் கைதாயினர். மே 27 அன்று நாடு கடத்தும் சட்டம் வந்தது. உள்துறையைக் கையில் வைத்திருந்த தல்அத் பாஷா இதனை முன்னின்று நடத்தினார். என்வர் அதற்கு உடந்தை. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டு, வழியில் வெட்டப்பட்டும் பட்டினியாலும் மாண்டனர். ஆறு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சம் வரை கணக்கிடுகின்றனர். இதற்கு இனப்படுகொலை என்னும் பெயரே பொருந்தும் என்பது வரலாற்று ஆய்வாளருள் மிகப் பெரும்பாலோர் முடிவு. துருக்கி அரசு அச்சொல்லை ஏற்பதில்லை.

ஆர்மேனியருள் சிலர் ரஷ்யரோடு சேர்ந்து கொண்டனர், வான் நகரில் ஆயுதம் ஏந்தினர், பால்கனில் முஸ்லிம்கள் பட்ட துன்பத்திற்கு உலகம் கண்ணீர் விடவில்லை என்று நம்மவர் மறுமொழி கூறுவதுண்டு. இவை பொய்யல்ல. ஆனால் ஆயுதமேந்தாத பெண்ணையும் குழந்தையையும் முதியவரையும் போரில் கொல்லலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) வகுத்த சட்டம். கலீபா அபூபக்கர் (ரலி) தம் படைக்குச் சொல்லி அனுப்பியதும் அதுவே. பிறர் நமக்குத் தீங்கிழைத்தனர் என்பதால் அச்சட்டம் தளர்ந்து விடுவதில்லை. தீங்கிழைக்கப்பட்டவர்களுக்காகவே அது வகுக்கப்பட்டது.

அக்காலத்திலேயே இதனை உணர்ந்த முஸ்லிம் அதிகாரிகள் அங்கு இருந்தனர் என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தித்தான். அலெப்போவின் ஆளுநராக இருந்த ஜலால் பே, ஆணையை நிறைவேற்ற மறுத்ததால் கோனியாவுக்கு மாற்றப்பட்டார். அங்கும் மறுத்துத் தாமதித்துப் பல்லாயிரம் பேரைக் காத்து, பதவியை இழந்தார். ஆற்றங்கரையில் கருவி ஏதுமின்றி அமர்ந்து, மிதந்து செல்வோரில் கைக்கு எட்டியவரை மட்டும் இழுத்தவனுக்குத் தம்மைப் பின்னாளில் ஒப்பிட்டு எழுதினார். குத்தாஹியாவில் பாயிக் அலி பே ஆர்மேனியரை அனுப்ப மறுத்தார். லிஜே என்னும் ஊரின் அதிகாரி ஹுசைன் நஸீமி மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். மக்காவின் ஷரீப் ஹுசைன், துருக்கியை எதிர்த்துக் கிளர்ந்தவர்தாம் எனினும், 1917இல் ஆர்மேனியரைத் தம் சொந்த உயிரைப் போல் காக்குமாறு அரபுத் தலைவர்களுக்கு எழுதினார். இவர்களை நினைத்து நாம் யாருக்கும் பெயரிட்டதில்லை.

என்வரின் முடிவு விரைவில் வந்தது. தோல்வியுற்ற நாட்டை விட்டு 1918 நவம்பர் முதல் வாரத்தில் ஜெர்மானியப் படகில் இரவோடிரவாக வெளியேறினார். 1919 ஜூலையில் இஸ்தான்புல்லிலேயே கூடிய உதுமானிய இராணுவ நீதிமன்றம் அவருக்கும் தோழர்களுக்கும் மரண தண்டனை விதித்தது. அயலார் விதித்த தண்டனை மட்டும் என்று இதனைத் தள்ள முடியாது. பெர்லின், மாஸ்கோ, பாக்கூ என்று அலைந்தார். 1921இல் புகாரா சென்று, ரஷ்யரை எதிர்த்த கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்தார். 1922 ஆகஸ்டு 4, ஹஜ்ஜுப் பெருநாள். இன்றைய தஜிகிஸ்தானில் பல்ஜுவானுக்கு அருகே, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே குதிரையில் பாய்ந்து மாண்டார். வயது நாற்பது. முந்தைய ஆண்டு பிறந்த மகன் அலியின் முகத்தை அவர் பார்த்ததில்லை. 1996இல் அவருடைய எச்சங்கள் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவரப்பட்டு, அதே ஆகஸ்டு 4 அன்று அரசு மரியாதையுடன் அடக்கப்பட்டன.

அந்த மரணத்தின் வீரமே நம்மை மயக்கியது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பதாண்டுகளுக்கு முன், இளம் வயதில், ஒரு மீலாது மேடையில் நான் இவரை ஷஹீது என்று கூறிக் கண்ணீர் வரப் பேசியிருக்கிறேன். பெருநாளன்று குதிரையில் பாய்ந்ததைச் சொன்னேன். அல்லாஹு அக்பர் மலையில் உறைந்தவர்களைப் பற்றி எனக்கு அன்று ஏதும் தெரியாது. தேடிப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. கைதட்டல் போதுமானதாக இருந்தது. அவருடைய முடிவான கணக்கு இறைவனிடம் உள்ளது. தைரியத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அன்று என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இக்கட்டுரையை நான் கடன்பட்டிருக்கிறேன்.

பெரியவரிடம் பெயரைக் குறித்து நான் சொன்னது இவ்வளவே. பொல்லாத பொருளுடைய பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) மாற்றியதுண்டு. அன்வர் என்பது அத்தகையதன்று. மிக்க ஒளியுடையது என்பது பொருள். அந்தப் பாஷாவுக்கு முன்பும் அரபு மொழியில் இருந்த சொல், அவருக்குச் சொந்தமானதன்று. பேத்தி சொன்னது உண்மை. அதைக் கூறியதற்காக அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கும் இல்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார்.

ஏழாம் நாள் ஆட்டை அறுத்து, குழந்தையின் முடியை இறக்கி, எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்தனர். துஆ ஓத என்னை அழைத்திருந்தனர். என்ன பெயர் என்று கேட்டேன். பேத்திதான் முந்திக்கொண்டு சொன்னாள்: "அன்வர், ஹஜ்ரத். பாட்சா இல்ல." பெரியவர் சிரித்தார். தம் ரேஷன் அட்டையில் பாட்சா அப்படியே இருக்கட்டும், அதை நீக்க அலுவலகத்திற்கு அலைய இனித் தம்மால் ஆகாது என்றார். பிறகு, குழந்தையைச் சுற்றியிருந்த துணி மெல்லியதாக உள்ளதென்று மருமகளிடம் சொல்லி, உள்ளேயிருந்து ஒரு கம்பளியை எடுத்துவரச் செய்தார்.